நாலு மணி வர்க்கி

“ஏனுங் மாமா, மூணு நாள் ஊட்டி போறோமுங்க. எங்க சாப்பிடறது, எங்க சுத்தறதுன்னு ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பிச்சு உடுங்க.”

அக்கா மகன் பெங்களூரிலிருந்து போனில் கேட்டான். மூன்று நாளைக்கு ஒன்பது வேளை. வேளைக்கு ஒரு கடைப் பெயர் வேண்டும் அவனுக்கு. மேட்டுப்பாளையத்துக்கு இந்தப் பக்கம் பிறந்து நாற்பது வருஷமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறவன் நான். இதென்ன பிரமாதம் என்று காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் தாளில் இரண்டே வரி. அதிலும் ஒன்று, மழை வந்தால் ஒதுங்குகிற இடம்.

ஏன் எழுத வரவில்லை என்று யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது ஒரு தூக்குப்போசி. எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. முதன்முதலாக ஊட்டிக்குப் போகிறோம். அம்மா முந்தின ராத்திரியே புளிசாதம் கிளறி, தயிர்சாதத்துக்குப் பால் ஊற்றிப் பிசைந்து, உருளைக்கிழங்கு வறுத்து, மூன்று தூக்குப்போசிகளில் அடைத்து வைத்துவிட்டாள். தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் போர்வை விரித்து, குளிரில் உறைந்துபோன புளிசாதத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம். அப்பா வெளியில் வாங்கித் தந்தது ஆளுக்கு ஒரு டீ மட்டும். அந்த உருளைக்கிழங்கு ஊட்டியில் விளைந்து, லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, எங்கள் வீட்டு வாணலியில் வறுபட்டு, மறுபடி எங்கள் மடியில் உட்கார்ந்து மலையேறியிருந்தது. இது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று.

நாங்கள் உட்கார்ந்து தின்ற அந்தப் பூங்காவே சாப்பாட்டுக் கவலையில் பிறந்தது என்பதை இன்னும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஒரு பங்களா கட்டினார். பிறகு ஊட்டியில் வீடு, ஏரி, சாலை என்று வேலைகள் நடந்தன. வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் குடியேறினார்கள். குளிர் கிடைத்தது, காய்கறி கிடைக்கவில்லை. முட்டைக்கோசும் கேரட்டும் இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. 1840-களில் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். அது சரியாக ஓடவில்லை. அதன் தொடர்ச்சியாகத்தான் 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்காரரின் கையில் இன்றைய தாவரவியல் பூங்கா உருவானது. மே மாத மலர்க் கண்காட்சியில் லட்சம் பேர் செல்பி எடுக்கிற இடத்தின் வேர் ஒரு கோசுப் பாத்தியில் இருக்கிறது.

ஆகவே அக்கா மகன் கேட்டது புதுக் கேள்வி இல்லை. இருநூறு வருஷமாக அந்த மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் கேட்டதுதான். கீழேயிருந்து ஏறி வருகிறவனின் வயிற்றுக்காகவே அந்த ஊர் வளர்ந்தது. ஊட்டிக் கேரட், ஊட்டி பீட்ரூட், ஊட்டி உருளை எல்லாமே வந்தேறிகள். கேத்தியில் 1830-களில் சோதனையாக நட்ட தேயிலையும் வந்தேறி. நீலகிரித் தைலம் என்று பாட்டிலில் அடைத்து விற்கிறார்களே, அந்தக் கற்பூர மரம் ஆஸ்திரேலியாக்காரன். சாக்லேட் கதை இன்னும் வேடிக்கை. கோக்கோ மரம் அந்தக் குளிரில் வராது. அது பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. ஊட்டியில் இருப்பது சாக்லேட் உருகாத காற்று மட்டும்தான். அதை விற்றே இத்தனை கடைகள் பிழைக்கின்றன. குறை சொல்லவில்லை. காற்றை விற்கத் தெரிவதும் ஒரு தொழில்தான்.

டீயில் நனைத்துத் தின்கிற வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட்டும் அப்படித்தான். ஆனால் வர்க்கி விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது.

குன்னூரில் ஒரு பேக்கரியின் பின்கட்டில் விடியற்காலையில் நின்றிருக்கிறேன். முன்பக்கம் கடை இன்னும் திறக்கவில்லை. உள்ளே மஞ்சள் பல்பு, விறகடுப்பின் கணப்பு, சுவரெல்லாம் கரி. நாலு பேர் ஒரு நீளமான மேஜையைச் சுற்றி நிற்கிறார்கள். முந்தின நாளே பிசைந்து ஊறவைத்த மைதாவை மேஜையில் பரப்பி, வனஸ்பதியைக் கையால் தடவி, மடித்து, மறுபடி பரப்பி, மறுபடி தடவி, மறுபடி மடிக்கிறார்கள். பேச்சில்லை. மாவு மேஜையில் விழுகிற தொப் தொப் சத்தம் மட்டும். பிறகு சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளித் தட்டில் வைக்கிறார்கள். ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அச்சில் போட்டதுபோல் ஒரே அளவாக இருந்தால் அது ஊட்டி வர்க்கி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சூட்சுமம் மூலையில் மூடி வைத்திருந்த ஒரு பாத்திரத்தில் இருந்தது. மாவா என்கிறார்கள். சென்னைக்காரர்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். இது புளிக்க வைத்த உறை. வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை சேர்த்துப் புளிக்கவிட்டு, தினமும் அதில் கொஞ்சம் எடுத்துப் புதுமாவில் கலக்கிறார்கள். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல நேற்றைய மாவு இன்றைய மாவை எழுப்புகிறது. கடையில் வாங்கிய ஈஸ்ட்டைப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், அந்தப் புளிப்பு வராது. “தண்ணியும் குளிரும்தாங்க. இதே ஆளு, இதே மாவு கோயமுத்தூர்ல போட்டா இந்தப் பதம் வராது” என்றார் அடுப்படியில் நின்றவர். மைதா வடக்கிலிருந்து வருகிறது, சர்க்கரையும் வனஸ்பதியும் கீழேயிருந்து ஏறுகின்றன. மலை தருவது தண்ணீரையும் குளிரையும் மட்டும். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்தக் குறியீடு உண்மையில் எதற்கு என்று கேட்டால், அந்த இரண்டுக்கும்தான் என்பேன்.

அதைச் சாப்பிட ஒரு நேரம் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணி. பள்ளிக்கூடம் விடுகிறது, கொழுந்து பறித்த பெண்கள் எடை போட்டுவிட்டு இறங்குகிறார்கள், மேகம் ரோட்டுக்கு வந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் கண்ணாடி டம்ளரைச் சுற்றி இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். வர்க்கியை நனைத்தால் மூன்று எண்ணுவதற்குள் வாய்க்குப் போய்விட வேண்டும். நாலு என்றால் டம்ளரின் அடியில். அந்த ஊர்க்காரர்கள் நனைக்கிற லாகவத்தைப் பார்த்தே யார் உள்ளூர், யார் வெளியூர் என்று சொல்லிவிடலாம். நான் இன்னும் டம்ளர் அடியில் ஸ்பூன் விட்டுத் துழாவுகிற ரகம்.

சரி, டீ. சுற்றுலா வண்டிகள் நிற்கிற டீ ஃபேக்டரி ஒன்றுக்கு ஒருமுறை உறவினர்களோடு போனேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் இயந்திரங்களைப் பார்த்தோம். கொழுந்து வாடுவது, நசுங்கி அறுபட்டுச் சுருள்வது, நிறம் மாறுவது, காய்வது எல்லாம் வரிசையாக. முடிவில் சின்னக் காகிதக் கப்பில் ஏலக்காய் டீ. இனிப்பும் ஏலக்காயும் நன்றாக இருந்தன. தேயிலை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு மலையே தேயிலையாக இருக்கிற ஊரில் டீக்கு ஏலக்காய் போட்டு மறைக்கிறார்களே என்று வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வருத்தத்தைக் கோத்தகிரி நண்பரிடம் சொன்னேன். படுகர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். சிரித்தார். “நல்ல தேயிலை இங்க தங்காதுங்க சார். டிசம்பர், ஜனவரி பனியில வர்ற கொழுந்து இருக்கே, மெதுவா வளரும், வாசனை தனி. அது நேரா வெளிநாட்டுக்கு. நமக்கு டஸ்ட்.” அவர் வீட்டில் குடிப்பதும் டஸ்ட்தான். சிறு விவசாயிகளின் இலையில் பெரும்பகுதி, நசுக்கி அறுத்துச் சுருட்டுகிற சி.டி.சி. முறையில் தூளாகிறது. குன்னூரில் 1963 முதல் ஏலம் நடக்கிறது. அங்கே தூளுக்கு என்ன விலை விழுகிறதோ அதைப் பொறுத்துத்தான் இவருடைய இலைக்குக் காசு. நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை சேர்ந்தால் ஒரு கிலோ தூள். பல மாதங்களில் ஒரு கிலோ பச்சை இலையின் விலை, வியூ பாயிண்டில் விற்கிற ஒரு கப் டீயின் விலையைத் தாண்டுவதில்லை. 2023 செப்டம்பரில் கோத்தகிரிக்குப் பக்கம் நட்டக்கல்லில் விவசாயிகள் விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த வழியாகப் போன சுற்றுலா வண்டிகள் வேகத்தைக் குறைத்து, என்னவென்று பார்த்துவிட்டு, கேத்தரின் அருவிக்கு வழி கேட்டுப் போயினவாம். இது நண்பர் சொன்னது. அவருக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டு. இதில் கூட்டியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அன்று அவர் வீட்டில்தான் சாப்பாடு. படுகர் ஊரை ஹட்டி என்பார்கள். வீடுகள் வரிசையாகத் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ராகிக் களி உருண்டையின் நடுவில் குழி செய்து நெய் விட்டுத் தந்தார்கள். பக்கத்தில் அவரைக்கொட்டையும் உருளையும் போட்ட குழம்பு. உதக என்று அதற்குப் பெயர். காய்ந்த அவரைக்குத் தனி மணம். மசாலா அதை மூடாமல் விட்டிருந்தது. களியை மெல்லக் கூடாது, குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா சொல்லித் தந்தார். விசேஷ நாட்களில் துப்பதிட்டு என்றொரு பலகாரம் பொரிப்பார்களாம். அது சாப்பிடவென்றே இன்னொரு தரம் வர வேண்டும் என்று கட்டளை. இதை ஊட்டியில் எந்த ஹோட்டலில் வாங்கலாம் என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஹோட்டலுக்குப் போனா நாங்க பரோட்டாதான் சாப்பிடுவோம்” என்றார் அந்த அம்மா.

என் லிஸ்ட் இரண்டு வரியில் நின்றதற்குக் காரணம் இதுதான். அந்த மலையின் சாப்பாடு விற்பனைக்கு வைத்ததில்லை. பலகை தொங்குகிற கடைகளில் கிடைப்பது, நாம் கீழேயே தின்று அலுத்ததின் குளிர்ந்த வடிவம்.

இன்னொரு வீடும் நினைவில் நிற்கிறது. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பு, லயம் என்பார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, மலையேறியவர்கள் அவர்கள். அந்த வீட்டு மூதாட்டி இலங்கை மலையகத்தில் பதுளைப் பக்கம் பிறந்தவர். போனவுடன், “சாயத்தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?” என்றார். பால் இல்லாத டீக்கு மலையகத்துப் பேர். வெல்லத் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்தார். அதைக் கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். அன்றைக்குத்தான் எனக்கு நீலகிரித் தேயிலையின் ருசி தெரிந்தது என்று சொன்னால் நம்புங்கள். பாலும் ஏலக்காயும் சர்க்கரையும் விலகி நின்றதும் தேயிலை முன்னால் வந்தது. கொஞ்சம் துவர்ப்பு, அதன் பின்னால் பூவாசம் போல ஏதோ ஒன்று. அதுவும் ரேஷன் கடைத் தூள்தான்.

பிறகு ரொட்டி சுட்டார். கோதுமை மாவில் தேங்காய்த்துருவல் போட்டுத் தட்டிய கனமான ரொட்டி, மிளகாயும் வெங்காயமும் அம்மியில் அரைத்துத் தேங்காய் சேர்த்த சம்பல். நாக்கு எரிந்தது. ஊர் ஞாபகம் வருமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். “எந்த ஊர்?” என்று திருப்பிக் கேட்டார். அப்புறம், “ரொட்டிக்கு இங்க தேங்காதான் விலை. மேட்டுப்பாளையத்துல இருந்து வரணும்ல” என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

சுற்றுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். படுக மொழியில் பெரிய மலை என்று அர்த்தம். உச்சியில் நின்றால் முன்னால் நிற்கிறவரின் தொப்பி தெரியும். தோடர்களின் குடியிருப்பான மந்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் அடுத்தவர் வீட்டையும் கோயிலையும் வேடிக்கை பார்ப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்கள் தைக்கிற சிவப்பும் கறுப்புமான பூவேலைச் சால்வையை விலை பேசாமல் வாங்குங்கள், போதும். ரயிலில் மட்டும் அவசியம் போங்கள், அதுவும் ஏறும் திசையில். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்லைக் கவ்வுகிற சத்தம் காலுக்கடியில் கேட்கும். இஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் கிட்ட ஆகும். வழியில் நிற்கிற ஸ்டேஷன்களில் இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பவும் ஏறலாம். ஒரு மலைக்கு அந்த வேகத்தில்தான் போக வேண்டும்.

போய் நிற்க வேண்டிய இடம் என்றால் கோத்தகிரியின் லாங்வுட் சோலை. வனத்துறை அனுமதியோடு போக வேண்டும். 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்கி நிற்க, நடுவில் தப்பிப் பிழைத்த பழைய காடு. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். ஈரநிலப் பட்டியலில் ஒரு காடா என்று நானும் முதலில் விழித்தேன். உள்ளே கால் வைத்தால் புரியும். தரை பஞ்சு மாதிரி அமுங்குகிறது. மரத்துக்கு மரம் பாசி, பாசிக்குப் பாசி தண்ணீர். மழை நின்று வெகுநேரம் ஆனபின்னும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சொட்டுதான் சுற்றுவட்டாரக் கிராமங்களின் குடிநீர். வந்தேறிகளுக்கு நடுவில் அங்கேயே பிறந்து வளர்ந்த தண்ணீர் அது. பேக்கரியில் ஒருவர் “தண்ணியும் குளிரும்தாங்க” என்று சொன்னாரே, அந்தத் தண்ணீர் இப்படித்தான் ஒவ்வொரு சோலையிலும் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. ஒரு மணி நேரம் நின்றேன். சிரிப்பான் குருவி ஒன்று எங்கோ சிரித்தது. காட்டுமாடு ஒன்று தேயிலைக்குள் நின்று என்னைப் பார்த்துவிட்டு, பொருட்படுத்தாமல் மேய்ந்தது.

மே மாதத்தில் இதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மலை ஏறும் வழியில் பர்லியாரிலிருந்தே வண்டிகள் நகராமல் நிற்கும். கூட்டம் தாங்காமல்தான் உயர்நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வந்தது. அதே பர்லியாரில் ரோட்டோரம் மங்குஸ்தான் கிடைக்கிற காலமாக இருந்தால் வண்டியை நிறுத்தலாம். மங்குஸ்தானும் வந்தேறிதான், அதனாலென்ன.

நான் எழுதி அனுப்பிய லிஸ்ட் கடைசியில் நாலு வரி ஆயிற்று. நாலு மணிக்குக் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் டீயும் வர்க்கியும். பால் வேண்டாமென்று சொல்லி ஒரு டம்ளர் கூடுதலாகக் குடித்துப் பார். மழை வந்தால் லாங்வுட் பக்கத்து நிழற்குடையில் ஒதுங்கு. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் போ.

அவன் உடனே போன் செய்தான். “ஏனுங் மாமா, ஒம்பது வேளைக்கு இதானுங்களா?”

மீதி வேளைக்கு எங்கே வேண்டுமானாலும் சாப்பிட்டுக்கொள், உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோகாதே என்றேன்.